வாசல் இல்லாத வைரஸ்

தலைப்பைக் கேட்டு யாரும் மிரள வேண்டாம். இன்றைக்கு நாம் பார்க்கப்போகிறவை இரண்டே இரண்டு. ஒன்று எச்.ஐ.வி.; அது ஒரு ரெட்ரோவைரஸ், அதாவது தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றி நம் செல்லின் குரோமோசோமில் செருகிவிடும் வைரஸ். இன்னொன்று, ரொட்டி மாவைப் பொங்க வைக்கிற ஈஸ்டின் குரோமோசோமில் குடியிருக்கும் டிஒய்1 என்கிற ரெட்ரோட்ரான்ஸ்போசான்; ஆர்.என்.ஏ. வழியாகத் தன்னைப் பிரதியெடுத்து, குரோமோசோமில் வேறோர் இடத்துக்குத் துள்ளும் டி.என்.ஏ. துண்டு. இரண்டின் மரபணு வரைபடத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால், ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று சொல்லிவிடலாம்.

இரண்டிலும் தலையிலும் வாலிலும் ஒரே டி.என்.ஏ. வாசகம் திரும்ப வரும். எல்.டி.ஆர். என்பார்கள். டிஒய்1-இல் அது 334 எழுத்து, எச்.ஐ.வி.யில் ஏறக்குறைய 630. நடுவே ‘காக்’, அடுத்து ‘பொல்’ என்கிற மரபணுக்கள். ஆர்.என்.ஏ.வைப் பொதிந்து வைக்கும் கூட்டைக் கட்டுவது காக். ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாகத் திருப்பி எழுதும் நொதியும், அதைக் குரோமோசோமில் செருகும் நொதியும் பொல்லில் இருக்கின்றன. எச்.ஐ.வி.யில் எழுதுவது முன்னே, செருகுவது பின்னே. டிஒய்1-இல் இந்த வரிசை மட்டும் தலைகீழ்.

சரி, டிஒய்1 ஆர்.என்.ஏ. வழியாகத்தான் இடம் மாறுகிறது என்று எப்படித் தெரியும்? 1985-இல் ஜெஃப் போகே, ஜெரால்ட் ஃபிங்க் குழுவினர் அதற்குள் ஓர் இன்ட்ரானை, அதாவது மரபணுவின் நடுவே இருந்து பிறகு வெட்டி எறியப்படும் துண்டைச் செருகிவிட்டார்கள். இன்ட்ரான் வெட்டப்படுவது ஆர்.என்.ஏ. நிலையில்தான். புது இடத்தில் போய் உட்கார்ந்த பிரதிகளைப் பார்த்தால், இன்ட்ரானைக் காணோம்! உயிரியலில் இதைவிட அழகான சோதனைகள் எனக்கு அதிகம் தெரியாது.

அப்புறம் வேறுபாடு எங்கே? ‘என்வ்’ என்கிற மரபணுவில். அடுத்த செல்லுக்குள் நுழைய உதவும் மேலுறைப் புரதத்தைத் தருவது அதுதான். டிஒய்1-க்கு அது கிடையாது. கூடு கட்டும், ஆனால் செல்லைத் தாண்டாது. (எல்லா ரெட்ரோட்ரான்ஸ்போசானும் இப்படி அல்ல. நம் மரபணுத்தொகையில் சுமார் 17 சதவீதம் இருக்கும் எல்1-க்கு எல்.டி.ஆரே இல்லை. அது தனிக் கதை.)

இந்த எல்லைக்கோடும் உறுதியானதல்ல. பழ ஈயின் ‘ஜிப்சி’யை ரெட்ரோட்ரான்ஸ்போசான் என்றுதான் வைத்திருந்தார்கள். ஆனால் அதற்கு என்வ் உண்டு. 1994-இல் வெளியான ஆய்வில், ஜிப்சி துள்ளிக்கொண்டிருந்த ஈக்களின் கூட்டுப்புழுக்களை அரைத்து, அது செயல்படாத ஈக்களின் புழுக்களுக்குத் தீனியில் கலந்து கொடுத்தார்கள். தின்ற புழுக்களின் வம்சத்தில் ஜிப்சி ஏறிவிட்டது. எதிர்த் திசைக்குச் சுண்டெலி இருக்கிறது: அதன் ஐ.ஏ.பி. வகை ரெட்ரோவைரஸ்கள் என்வ்வைத் தொலைத்துவிட்டு, செல்லுக்குள்ளேயே சுற்றிச் சுற்றிப் பெருகிக் கிடக்கின்றன.