ஆராதனை முடிந்ததும் வண்டியை எடுக்காதீர்கள்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். மொட்டை மாடியில் உட்கார்ந்து பேசுகிறேன், பின்னால் பஸ் சத்தம் கேட்டால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், நரிமேட்டில் சாயங்காலம் இப்படித்தான்.

மதுரைக்கு வேலைக்கோ, படிப்புக்கோ, பிள்ளைகள் ஸ்கூலுக்கோ வந்து குடியேறின கிறிஸ்தவக் குடும்பங்களிடம் "நீங்க எந்தச் சபை?" என்று கேட்டால், நாசரேத், மார்த்தாண்டம், சாத்தூர் என்று சொந்த ஊரைத்தான் சொல்வார்கள். சரி, இங்கே எங்கே போகிறீர்கள் என்றால், "இங்க எங்கயாவது போவோம், இல்லன்னா யூடியூப்ல பார்த்துக்குவோம்." அப்படியே பத்து வருஷம் ஓட்டினவர்களும் இருக்கிறார்கள்.

ஊர்ச் சபை மேல் பாசம் இருப்பதில் தப்பே இல்லை. ஞானஸ்நானம், வளர்ந்தபின் விசுவாசத்தை உறுதிப்படுத்துகிற திடப்படுத்தல், தாத்தா பாட்டி கல்லறை எல்லாம் அங்கேதானே. கிறிஸ்துமஸுக்குப் போங்கள், அறுப்பின் பண்டிகையில் காணிக்கையாக வந்ததை ஏலம் விடும்போது ஒரு பூசணிக்காயை ஆயிரம் ரூபாய்க்கு எடுத்துவிட்டு சந்தோஷமாக வாங்க. ஆனால் நீங்கள் வாழ்கிற ஊர் இது. வீட்டில் ஒருவருக்கு முடியாமல் போனால், நாசரேத்திலிருந்து யாரும் ராத்திரியோடு ராத்திரியாக வந்துவிட முடியாது.

எங்கள் தெருவில் ஒரு அக்கா. அவர் வீட்டுக்காரரை ராஜாஜி மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள், சொந்தக்காரர்கள் வந்துசேர மறுநாள் ஆகும். அன்று ராத்திரி சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஃபிளாஸ்கில் பால், தூக்குவாளியில் இட்லி, ஒரு போர்வை, அப்புறம் ஆட்டோவுக்கும் டீக்கும் ஆகும் என்று பத்து ரூபாய் நோட்டாக ஒரு கட்டு. அதில் ஒருவர் விடிகிறவரை வராந்தாவில் பாயை விரித்து அந்த அக்கா பக்கத்திலேயே இருந்தார். அவர்களுக்கு இந்த அக்காவை எப்படித் தெரியும் என்றால், சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுகிற அன்பின் விருந்துக்கு முந்தின நாள் ராத்திரி மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து வெங்காயம் உரித்தவர்கள். வெறுமனே ஆராதனைக்கு வந்து, ஆசீர்வாதம் சொன்னதும் வண்டியை எடுத்துக்கொண்டு போயிருந்தால், அவர் பெயர்கூட யாருக்கும் தெரிந்திருக்காது.

எபிரெயர் 10:25 நம் எல்லாருக்கும் மனப்பாடம்: "சபை கூடிவருதலைச் சிலர் விட்டுவிடுகிறதுபோல நாமும் விட்டுவிடாமல்". அதோடு நிறுத்திவிடுகிறோம். அடுத்து வருவது "ஒருவருக்கொருவர் புத்திசொல்லக்கடவோம்". அதற்கு எதிரே ஓர் ஆள் வேண்டுமே! படுக்கையில் இருக்கிற பெரியவர்களுக்கு நேரலை பெரிய ஆறுதல், அதை நான் குறைத்துப் பேசவே மாட்டேன். நடக்க முடிகிற நமக்கு அது போதாது.

"இங்க முறையே வேற, பாட்டு ராகம்கூட வேற" என்று சொல்கிறவர்களுக்கு ஒன்று. வேறாகத்தான் இருக்கும். திருநெல்வேலிப் பக்கம் ஆங்கிலிக்கன் வழி, நாகர்கோவில் லண்டன் மிஷன் வழி, மதுரையில் 1834-இல் வந்தது அமெரிக்கன் மிஷன். இந்த மூன்று வழியும், மெத்தடிஸ்டுகளும் சேர்ந்து 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை ஆனார்கள். பேராயர், அதாவது பிஷப், வேண்டுமா வேண்டாமா என்பதிலேயே ஒத்துப்போகாதவர்கள் பல வருஷம் பேசிப் பேசித்தான் ஒரே சபையானார்கள். நமக்கு ராகம் ஒரு தடையா?

சபைக் கமிட்டித் தேர்தல் சண்டை, சாதி பார்ப்பது, பணக்காரர்களுக்கு முன்வரிசை, இதெல்லாம் இருக்கிறது, மூடி மறைக்க மாட்டேன். எனக்கும் கோபம் வரும். ஆனால் நியாயமாக யோசிக்கிறவர்கள் எல்லாரும் வீட்டில் உட்கார்ந்துகொண்டால் கமிட்டியில் யார் மிச்சம் இருப்பார்கள்? நிஜமாகவே காயப்பட்டவர்கள் வேறு சபைக்குப் போங்கள், அதில் வெட்கமே வேண்டாம். சபையே வேண்டாம் என்று மட்டும் போய்விடாதீர்கள்.

வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற சபையாகப் பாருங்கள், வாரநாளிலும் போய்வருகிற தூரத்தில். ஊர்ச் சபை ஐயரிடம், அதாவது போதகரிடம், ஒரு கடிதம் வாங்கி இங்கே கொடுத்துப் பெயரைச் சேருங்கள். கத்தோலிக்கர்களுக்கு அன்பியம் என்ற சின்னக் குழு இருக்கிறது, தெருவிலேயே வீடு வீடாகக் கூடுகிறார்கள், அதில் போய் உட்காருங்கள். அப்புறம் ஏதாவது ஒரு வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பாடத் தெரிந்தால் கொயர், பிள்ளைகள் பிடிக்கும் என்றால் சண்டே ஸ்கூல், மே மாத விபிஎஸ்ஸுக்கு, அதாவது பிள்ளைகளுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு, எப்போதுமே ஆள் பற்றாது. ஒன்றும் தெரியாதா, பந்தியில் சாம்பார் வாளியைத் தூக்குங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை கடைசி ஜெபம் முடிந்ததும் ஒரு கால் மணி நேரம் வாசலில் நில்லுங்கள். பெரியவர் யாராவது வந்து "தம்பிக்கு எந்த ஊரு?" என்று கேட்பார். ஊரைச் சொல்லிவிட்டு, இங்கே எந்தத் தெருவில் இருக்கிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.