எரித்த வாயுவும் ஈர நெல்லும்

(கிளிநொச்சியில் கமக்காரர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

ஐயாமார், அம்மாமார், தம்பி தங்கையருக்கு வணக்கம்.

2009 இல் நாங்கள் தறப்பாளுக்குக் கீழே கிடந்தோம். மழை அதில் விழுந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அந்தத் தறப்பாள் பொலித்தீன். சவூதி அரேபியா ஒரு காலத்தில் வேண்டாம் என்று கொளுத்திவிட்ட வாயுவிலிருந்தும் அதே பொலித்தீனைச் செய்யலாம்.

மசகு எண்ணெய் மேலே வரும்போது வாயுவும் கூடவே வரும். எண்ணெய்க்குத்தான் அங்கே கிராக்கி. வாயுவைக் கொண்டுபோகக் குழாய் இல்லை, எரித்தார்கள். 1970களின் நடுவில்தான் அதைப் பெரிய அளவில் பிடித்துச் சேர்க்கும் வேலையைத் தொடங்கினார்கள். இந்த வாயு பல வாயுக்களின் கலவை. அதைக் குளிரவைத்தால் அதிலுள்ள புரொப்பேன் மறை 42 பாகை செல்சியசில் திரவமாகும், ஈத்தேன் மறை 89 இல். மெதேன் அப்போதும் வாயுவாகவே நிற்கும். ஈத்தேனை நீராவியோடு 800 பாகைக்கு மேல் சூடாக்கினால் எதிலீன் என்ற இன்னொரு வாயு. எதிலீன் மூலக்கூறுகளைச் சங்கிலியாகக் கோத்தால் பொலித்தீன், அரிசி போல வெள்ளை மணிகளாக. மணியை உருக்கி, நாடாவாக இழுத்து நெய்தால் தறப்பாள்.

இதற்காகவே 1976 இல் சபிக் என்ற இரசாயன நிறுவனத்தை சவூதி அரசு தொடங்கியது. ஷெல், எக்ஸான், மொபில் போன்ற வெளிநாட்டு எண்ணெய் நிறுவனங்கள் தொழில்நுட்பத்தோடு பங்காளிகளாக வந்தன. 2020 இல் அதன் 70 சதவீதப் பங்கை சவூதி அரசின் எண்ணெய் நிறுவனமான அரம்கோ வாங்கிய விலை 69 பில்லியன் டொலர். காசு இருந்தது, செய்தார்கள் என்பார்கள். என் கணிப்பில் காசைவிட ஒழுங்குதான் பெரிது: முதலில் வாயுவைப் பிடித்தார்கள், பிறகு பிரித்தார்கள், அதற்கப்புறம்தான் ஆலை. வாயுவாக விற்றுவிட்டுக் கையைக் கழுவவில்லை.

நாங்கள் என்ன செய்கிறோம்? பெரும்போக நெல்லை ஈரத்தோடு வரம்பிலேயே கொடுக்கிறோம். காயப்போடத் தளமில்லை, வைக்கக் களஞ்சியமில்லை. உமி, தவிடு, குறுணல் எல்லாம் ஆலைக்காரருக்கு. தையில் விற்ற நெல்லை ஐப்பசியில் அரிசியாகக் கடையில் வாங்குகிறோம். எனக்கு இது வயிற்றெரிச்சல்.

சரி, மன்னார்க் கடலுக்கு வருவோம். 2011 இல் அங்கே துளைத்த இரண்டு கிணறுகளில் வாயு கண்டார்கள். அது இன்னும் கீழேயே கிடக்கிறது. எடுத்தால் கரண்ட் வரும் என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. அதில் ஈத்தேன் எவ்வளவு என்று கேளுங்கள். போதாதென்றால் பொலித்தீன் ஆலை வேண்டாம். மெதேனிலிருந்து அமோனியா, அமோனியாவிலிருந்து யூரியாப் பசளை எடுக்கலாம். 2021 இல் பசளை வராமல் என் வயல் மஞ்சளித்து நின்றது, உங்கள் வயலும்தான். சங்கக் கூட்ட அறிக்கையில் இந்தக் கேள்வியை இன்றைக்கே எழுதுங்கள்.