பௌர்ணமியைப் பார்த்தா பயம் வருமா? ஓநாய் மனுஷன் நாவல்கள் | ஏற்காடு வ்லாக்

வணக்கம் மக்களே! ஏற்காடு லேடீஸ் சீட்ல உக்காந்து பேசுறேன். கீழ சேலம் லைட்டெல்லாம் தெரியுது பாருங்க. காத்து சத்தம் மைக்ல விழுந்தா கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

நம்ம ஊர்லயே அவ்வளவு பேய்க்கதை இருக்கும்போது, எங்கயோ இருக்குற ஓநாய் மனுஷன் கதையில, அதான் பௌர்ணமி ராத்திரி ஓநாயா மாறுற ஆளோட கதையில, என்னக்கா பயம்னு கேட்டிருந்தீங்க. நம்ம கதையில பேய் வெளிய இருக்குங்க. புளியமரத்துல இருக்கும், பாழுங்கிணத்துல இருக்கும். அந்தப் பக்கம் போகாம இருந்துக்கலாம். புடிச்சாலும் வேப்பிலை அடிச்சு ஓட்டிரலாம். ஓநாய் மனுஷன் கதையில அது அந்த ஆளுக்குள்ளயே இருக்கு. எந்த ராத்திரி வெளிய வரும்னு அவனுக்கே தெரியும்! ஒரு பௌர்ணமிக்கும் அடுத்த பௌர்ணமிக்கும் நடுவுல 29½ நாள். அத்தனை நாளும் அவன் பொண்டாட்டி பக்கத்துல உக்காந்து சாப்பிடணும், புள்ளைக்குப் பாடம் சொல்லிக் குடுக்கணும். எனக்கு நகமும் பல்லும் பயமில்ல, அந்த நடுவுல இருக்குற நாளுங்கதான் பயம்.

அமெரிக்க திகில் எழுத்தாளர் ஸ்டீபன் கிங் இதை அழகா புடிச்சாரு. 1983ல வந்த 'சைக்கிள் ஆஃப் தி வேர்வுல்ஃப்'. வேர்வுல்ஃப்னா இந்த ஓநாய் மனுஷன்தான். ஒரு காலண்டருக்கு எழுத ஆரம்பிச்சது, வளந்து புத்தகமாச்சு. 12 அத்தியாயம், மாசத்துக்கு ஒண்ணு. சின்ன ஊரு, எல்லாரும் எல்லாருக்கும் தெரிஞ்சவங்க. அதுல யாருன்னு தெரியாம மாசம் நகர்றப்ப வயித்தைப் பிசையும்.

நமக்கு இதுல இன்னொன்னும் இருக்கு. பௌர்ணமின்னா நமக்கு கிரிவலம். சேலத்துல இருந்து திருவண்ணாமலைக்கு ஸ்பெஷல் பஸ்ல கூட்டம் நெரியும். நாம வெளிய போகவே தயங்குறது அமாவாசையிலதான். அப்படி வளந்த எனக்கு, இந்த நாவல் படிச்ச மாசம் மொட்டைமாடியில நிலா ஏற ஏற உடம்பு சிலிர்த்துச்சு. நல்ல நாளையே பயமாக்கிருச்சு பாருங்க, அதான் எழுத்து!

ஆனா பௌர்ணமி எல்லா ஓநாய் கதையிலயும் இருக்காது. 1589ல ஜெர்மனியில பெட்பர்க் பக்கம் பீட்டர் ஸ்டம்ப்னு ஒரு விவசாயியைக் கொன்னாங்க. சாத்தான் குடுத்த பெல்ட்டைக் கட்டுனா ஓநாயாவேன்னு சித்திரவதைக்குப் பயந்து ஒத்துக்கிட்டான். அங்க நிலாக் கணக்கு இல்ல. பௌர்ணமியை இவ்வளவு கெட்டியா ஒட்ட வச்சது 1940கள்ல வந்த ஹாலிவுட் படங்கதான்.

எனக்கு ரொம்பப் புடிச்சது கை எண்டோர் (Guy Endore)ங்குற அமெரிக்க எழுத்தாளர் 1933ல எழுதுன 'தி வேர்வுல்ஃப் ஆஃப் பாரிஸ்'. பெர்த்ராண்ட்னு ஒருத்தன், 1871 பாரிஸ் கம்யூன் நடக்குற நேரம், அதாவது பாரிஸ் மக்கள் அரசாங்கத்தை எதிர்த்து நகரத்தைத் தாங்களே ஆண்ட நேரம். சோஃபின்னு ஒரு பொண்ணு அவனைக் காதலிக்கிறா. அவன் வெளிய போய் யாரையும் கொல்லக்கூடாதுன்னு தன் உடம்பையே கீறி ரத்தம் குடிக்க விடுறா. படிச்சிட்டு புத்தகத்தை மூடி வச்சிட்டேன். அதுக்கப்புறம் நகரத்துல ராணுவம் ஆயிரக்கணக்குல மக்களைச் சுட்டுத் தள்ளுது. இவன் ஒருத்தன் பண்ணது அதுக்கு முன்னாடி எந்த மூலைக்குன்னு நாவலே கேக்குது. பயமுறுத்துற கதைதானேன்னு ஒதுக்குறவங்க இதைப் படிக்கணும்ங்க.

கிங்கை முதல்ல எடுங்க, சின்னப் புத்தகம், உள்ள வரைஞ்ச படங்களும் உண்டு. எண்டோர் பெரியவங்களுக்கு மட்டும், கொடூரமான இடங்க நிறைய இருக்கு. ரெண்டும் இங்கிலீஷ்லதான் நான் படிச்சேன். தமிழ்ல இந்த மாதிரி நீங்க எதாவது படிச்சிருந்தா பேரைச் சொல்லுங்க, தேடிப் படிச்சிட்டு அடுத்த வீடியோல பேசுறேன்.