19 வருடம் கழித்து அதே தேதியில் பௌர்ணமி வருமா?

அடுத்த கேள்வி. “நான் பிறந்தது ஒரு பௌர்ணமி அன்று. 19 வயது முடிகிற அதே தேதியில் மறுபடி பௌர்ணமி வரும், இதை மெட்டான் என்ற கிரேக்கர் கண்டுபிடித்தார் என்கிறார்களே, உண்மையா?”

வரும், சில சமயம் ஒரு நாள் முன்னே பின்னே ஆகும், அவ்வளவுதான். வீட்டில் பழைய காலண்டர் இருந்தால் எடுத்துப் பாருங்கள், 1999 பிப்ரவரியில் பௌர்ணமியே கிடையாது. ஜனவரி 31இல் ஒன்று, அப்புறம் நேராக மார்ச் 2. சரி, 2018ஐப் புரட்டுங்கள், அச்சு அசலாக அதே தேதிகள்!

பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஏறக்குறைய இருபத்தொன்பதரை நாள், பன்னிரண்டு மாதம் கூட்டினால் 354தான் வரும், சூரிய ஆண்டுக்கு 11 நாள் குறைகிறது. ரம்ஜான் வருடா வருடம் முன்னால் நகர்ந்துகொண்டே வருவது இதனால்தான். ஏதென்ஸ்காரர்களுக்கோ மாதமும் பிறையோடு பிறக்க வேண்டும், திருவிழாவும் பருவம் தப்பக் கூடாது, அதனால் அவ்வப்போது ஒரு மாதத்தைக் கூடுதலாகச் சேர்ப்பார்கள். எந்த வருடம் சேர்ப்பது என்பதில்தான் குழப்பம்.

கி.மு. 432இல் மெட்டான் கணக்குச் சொன்னார்: 19 வருடம், 235 மாதம், 6,940 நாள். ஏழு வருடங்களுக்கு மட்டும் 13 மாதம், மீதி பன்னிரண்டுக்கு 12. ஆனால் கண்டுபிடித்தவர் அவர் என்று சொல்ல மாட்டேன், பாபிலோன்காரர்கள் அவருக்கு முன்பே இந்தச் சுழற்சியைக் கையாண்டிருக்கிறார்கள். ஏதென்ஸிலும் அவர் பேச்சு எடுபட்ட மாதிரி இல்லை, நாட்காட்டி அதற்குப் பிறகும் அதிகாரிகள் கையில்தான் இருந்தது, வேண்டியபோது நாளைச் செருகிக்கொண்டார்கள். போதாததற்கு கி.மு. 414இல் அரிஸ்டோபனிஸ் தன் நகைச்சுவை நாடகத்தில் மெட்டானை ஒரு பாத்திரமாக்கி, மேடையிலேயே அடித்து விரட்ட வைத்தார், பாவம்.

கணக்கில் பிசிறும் உண்டு. 6,940 நாளை 19ஆல் வகுத்தால் வருடத்துக்குச் சுமார் அரை மணி நேரம் அதிகமாகிறது. நூறு வருடம் கழித்துக் காலிப்பஸ் என்பவர் நான்கு சுற்றைச் சேர்த்து 76 வருடமாக்கி, அதில் ஒரே ஒரு நாளைக் கழித்தார், 27,759 நாள். இதன்படி வருடம் சரியாக 365¼ நாள். யூதர்களின் நாட்காட்டி இன்றும் 19க்கு 7 என்ற கணக்கில்தான் ஓடுகிறது.

உங்கள் பிறந்தநாளுக்கு வருவோம். 235 மாதத்துக்கு உண்மையில் 6,939 நாளும் முக்கால் நாளுக்குக் கொஞ்சம் குறைவாகவும் ஆகும். நம் காலண்டரில் 19 வருடம் என்றால், இடையில் வருகிற லீப் நாள் நான்கா ஐந்தா என்பதைப் பொறுத்து 6,939 அல்லது 6,940. நான் சொன்ன அந்த ஒரு நாள் வித்தியாசம் இங்கேதான் நுழைகிறது.