சமாதானக் கடிதத்தில் கையெழுத்துப் போடலாமா? லாரி விபத்து பற்றிய கேள்விக்கு விளக்கம்

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்றை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பார்த்துவிடலாம். காவேரிப்பட்டணம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். வீட்டுக்காரர் தென்னை மரம் ஏறுகிறவர், வயது 32. நாலு மாதத்துக்கு முன்னால் காரிமங்கலம் அருகே பைக்கில் வரும்போது பின்னால் வந்த லாரி இடித்து வலது கால் முறிந்துவிட்டது. தர்மபுரி அரசு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து ராடு வைத்திருக்கிறார்கள். போலீசில் சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்தார்களாம். இப்போது லாரி ஓனர் தரப்பிலிருந்து ஆள் வந்து, 40 ஆயிரம் தருகிறோம், இனி எந்த வழக்கும் போட மாட்டோம் என்று எழுதிக் கொடுங்கள் என்கிறார்கள். "அவர் ஹெல்மெட் போடவில்லை, லைசென்சும் இல்லை. கேஸ் போட்டால் உங்கள் மேலேயே திரும்பிவிடும் என்கிறார்கள். லாரியும் கர்நாடக வண்டி. பேசாமல் வாங்கிக்கொள்ளலாமா சார்?"

அம்மா, கையெழுத்துப் போடாதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

இதில் இரண்டு வழக்குகள் இருக்கின்றன. பலர் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். முதலாவது போலீஸ் வழக்கு. கவனக்குறைவாக ஓட்டியதற்குப் பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்த சட்டம்) 281-வது பிரிவு, கொடுங்காயம் ஏற்படுத்தியதற்கு 125-பி. இது அரசுக்கும் டிரைவருக்கும் நடக்கிற வழக்கு. டிரைவருக்கு அபராதம் போட்டால் அந்தப் பணம் அரசுக்குப் போகும், உங்களுக்கு வராது. இரண்டாவது, மோட்டார் வாகனச் சட்டம் 166-வது பிரிவில் நீங்கள் போடுகிற நஷ்டஈட்டு மனு. உங்களுக்குப் பணம் வருவது இதில்தான். ஓனர் வீட்டைத் தேடிக் கர்நாடகாவுக்குப் போக வேண்டியதில்லை. லாரிக்கு இன்சூரன்ஸ் இருந்தால் கொடுக்கப்போவது இன்சூரன்ஸ் கம்பெனி. விபத்து தர்மபுரி மாவட்டத்தில் நடந்தாலும், நீங்கள் குடியிருக்கிற கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே மனு போடலாம், சட்டம் அனுமதிக்கிறது.

சரி, இன்சூரன்ஸ்காரர் கொடுக்கப்போகிற பணத்துக்கு ஓனர் ஏன் கையிலிருந்து 40 ஆயிரம் எடுக்கிறார்? பெர்மிட், எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று), டிரைவர் லைசென்ஸ் என்று அவர் தரப்பில் ஏதாவது ஓட்டை இருக்கலாம். அப்படி இருந்தால் கம்பெனி உங்களுக்குக் கொடுத்துவிட்டு அவரிடம் வசூல் செய்யலாம். இல்லை, வண்டி ஸ்டேஷனில் மாட்டிக்கொண்டு ஓட்டம் கெடுமே என்ற கவலையாகவும் இருக்கலாம். எதுவானாலும் அது அவர் கவலை. அந்தக் கடிதம் ஒன்று கையில் கிடைத்தால் போதும், நாளைக்கு எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் முதலில் நீட்டுவார்.

அடுத்து சி.எஸ்.ஆர். அது புகார் வந்ததற்கான ரசீது, அவ்வளவுதான். எஃப்.ஐ.ஆர். வேண்டும். ஸ்டேஷனில் போட மறுத்தால் புகாரை எழுத்தில் எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 173(4) அதற்குத்தான் இருக்கிறது. அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு.

இப்போது நான் உங்களிடம் ஒரு கேள்வி கேட்கிறேன். ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது டியூட்டி டாக்டரிடம் என்ன சொன்னீர்கள்? அதைத்தான் ஆக்சிடென்ட் ரிஜிஸ்டரில் எழுதியிருப்பார்கள். ஏ.ஆர். காப்பி என்பார்கள். நம் ஊரில் போலீசுக்குப் பயந்துகொண்டு, கூட வந்த மச்சானோ பக்கத்து வீட்டுக்காரரோ "வண்டி வழுக்கி விழுந்துட்டாருங்க" என்று சொல்லிவிடுவார்கள். லைசென்ஸ் இல்லையே என்ற பயமும் இருக்கும். அந்த ஒரு வரி பிறகு படுத்துகிற பாடு இருக்கிறதே! லாரி இடிக்கவே இல்லை, தானாக விழுந்தவர் எங்கிருந்தோ ஒரு லாரி நம்பரைப் பிடித்து வந்திருக்கிறார் என்று இன்சூரன்ஸ் தரப்பில் வாதாடுவார்கள். நான் பார்த்த வழக்குகளில் காயத்தைப் பற்றி நடந்த சண்டையைவிட இந்த வரியைப் பற்றி நடந்த சண்டை அதிகம். அதனால் முதல் வேலையாக ஏ.ஆர். காப்பி வாங்கிப் படியுங்கள். தப்பாக இருந்தால் அன்றைக்கு நேரில் பார்த்தவர்கள் யார், ஆம்புலன்சுக்கு போன் செய்தது யார், பைக்கின் பின்பக்கம் நொறுங்கிய போட்டோ இருக்கிறதா என்று இப்போதே தேட வேண்டும்.

ஹெல்மெட்டுக்கு வருவோம். போடாதது தப்புதான், அபராதம் உண்டு. ஆனால் முறிந்தது கால். தலையில் அடிபட்டிருந்தால் ஹெல்மெட் போட்டிருந்தால் தப்பித்திருப்பார் என்று சொல்லி ஒரு பங்கைக் கழிக்கப் பார்ப்பார்கள். ஹெல்மெட் காலைக் காப்பாற்றாதே! 2020-ல் ஒரே பைக்கில் மூன்று பேர் போன வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: விதியை மீறியது மட்டும் போதாது, அந்த மீறலுக்கும் விபத்துக்கும், இல்லை காயத்துக்கும், தொடர்பு இருக்க வேண்டும். லைசென்ஸ் இல்லாததற்கும் இதே கதைதான். பின்னால் வந்து இடித்தது லாரி. இவர் பையில் லைசென்ஸ் இருந்திருந்தால் லாரி நின்றிருக்குமா?

தொகை எவ்வளவு என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் 40 ஆயிரம் எந்த மூலைக்கு என்று தெரிய வேண்டும் இல்லையா? ஒரு உதாரணக் கணக்கு போடுகிறேன், இதுவே கிடைக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மாத வருமானம் 15 ஆயிரம் என்று கோர்ட் வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 1 லட்சத்து 80 ஆயிரம். சொந்தத் தொழில், 40 வயதுக்குக் கீழே, அதனால் எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்தால் 2 லட்சத்து 52 ஆயிரம். சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் போனது என்றால் வருடத்துக்கு 75,600 நஷ்டம். இத்தனை வருட நஷ்டம் என்று வயதைப் பார்த்துக் கோர்ட் எடுக்கிற பெருக்கல் எண் ஒன்று உண்டு, 32 வயதுக்கு அது 16. பெருக்கினால் 12 லட்சத்து 9,600. மருத்துவச் செலவு, வலி வேதனை, படுத்திருந்த மாதங்களின் வருமானம், வட்டி எல்லாம் தனி.

இதில் அந்த 30 என்ற எண்தான் உயிர்நாடி. டாக்டர் சான்றிதழில் காலுக்கு இத்தனை சதவீத ஊனம் என்று எழுதுவார். அதை அப்படியே எடுக்கக் கூடாது, அவர் செய்த தொழிலை அந்தக் காயம் எவ்வளவு பாதிக்கிறது என்று பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-ல் ராஜ்குமார் வழக்கில் சொல்லியிருக்கிறது. மேசையில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறவருக்குக் கால் கொஞ்சம் மடங்காவிட்டால் சமாளித்துவிடுவார். தென்னை மரம் ஏறுகிறவர்? காலால் மரத்தைக் கவ்வித்தானே ஏற வேண்டும்! அந்தத் தொழிலே போய்விட்டது. ஆனால் அதை நீங்கள் நிரூபிக்காவிட்டால், ஒரு சதவீதத்துக்கு இத்தனை ஆயிரம் என்று ஒரு சின்னத் தொகையோடு முடிந்துவிடும். இவரை மரம் ஏறக் கூப்பிட்ட இரண்டு தோப்புக்காரர்களைச் சாட்சி சொல்ல வரச் சொல்லுங்கள். கூலி கூகுள் பேயில் வந்திருந்தால் அந்த விவரத்தை எடுத்து வையுங்கள்.

அப்புறம் ஆஸ்பத்திரி வாசலிலேயே வந்து, கிடைப்பதில் இத்தனை பங்கு கொடுத்தால் போதும் என்று பேசுகிற புரோக்கர்கள். வழக்கறிஞர் அப்படிப் பங்கு பேசுவதே பார் கவுன்சில் விதிப்படி கூடாது. வசதி இல்லை என்றால் கோர்ட் வளாகத்திலேயே மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, 15100-க்கு போன் செய்தும் கேட்கலாம்.

அவசரம் என்று நான் சொல்வது ஒன்றே ஒன்று. 1994-க்குப் பிறகு இந்த மனுவுக்குக் காலக்கெடு இல்லாமல் இருந்தது. 2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்த 6 மாதத்துக்குள் போட வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். அதை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது, ஆனால் அதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். உங்களுக்கு நாலு மாதம் போய்விட்டது. பேச வருகிறவர்கள் "அடுத்த வாரம் பார்க்கலாம், பண்டிகை போகட்டும்" என்று இழுப்பதும் இந்தக் கணக்கு தெரிந்துதான். அடுத்த முறை வந்தால் சண்டை போட வேண்டாம். லாரியின் ஆர்.சி.யையும் இன்சூரன்சையும் ஒரு போட்டோ எடுத்துக்கொள்கிறேன் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.