ஏழு வடையும் ஒரு வெள்ளி நோட்டும்

வணக்கம் மக்களே! கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ்ல பசியாறப் போன இடத்துல நடந்ததை வீட்டுக்குப் போய்ச் சொல்ற அளவுக்கு எனக்குப் பொறுமை இல்ல. அதான் காடிக்குள்ள உட்கார்ந்தே பேசுறேன்.

உளுந்து வடை ஒண்ணு 1 வெள்ளி 80 காசு. போன வருஷம் இதே கடையில 1 வெள்ளி 50! சரி, 7 வடை கட்டச் சொன்னேன். கல்லாவுல இருந்த அண்ணன் 13 வெள்ளி 60ன்னாரு, நானும் எண்ணிக் கொடுத்துட்டேன். நம்ம சின்னவ, அக்கா மக, என் சட்டையை இழுக்குறா. "சித்தி, 12 வெள்ளி 60 தானே?" அண்ணன் கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்துட்டு, "பாப்பா சொல்றதுதாம்மா சரி"ன்னு ஒரு வெள்ளியைத் திருப்பிக் கொடுத்தாரு. இதோ அந்த நீல நோட்டு. இதை நான் செலவழிக்கவே மாட்டேன்.

எப்படிம்மா போட்டேன்னு கேட்டேன். "1 வெள்ளி 80ன்னா 18 பத்துக்காசு. 18, இருபதுக்கு ரெண்டு குறைச்சல். ஏழிருபது 140, ஏழிரண்டு 14, கழிச்சா 126 பத்துக்காசு." கழிக்கிற வழியை நான் சொல்லியே கொடுக்கல மக்களே! அவளாக் கண்டுபிடிச்சது!

நான் காட்டினது போன மாச வீடியோவுல பார்த்தீங்களே, அதான். கட்டம் போட்ட தாள்ல 7 வரிசை, வரிசைக்கு 18 கட்டம். பத்தாவது கட்டத்தோட கத்தரிக்கோலால நறுக்கினா ஒரு துண்டுல 70, இன்னொண்ணுல 56. வெட்டினதால ஒரு கட்டமும் காணாமப் போகல, சேர்த்தா 126. இதுக்குப் பேரு பங்கீட்டுப் பண்பு. செர்வுவான்னு ஒரு பிரெஞ்சுக் கணித அறிஞர் 1814ல வெச்ச பேரு. பேரை அப்புறம் சொல்லிக் கொடுங்க, முதல்ல கத்தரிக்கோலைக் கொடுங்க.

அட, முக்கியமானதை விட்டுட்டேன். வெட்டுறதுக்கு முந்தி அவ எழுதின விடை 78. பத்தை மட்டும் ஏழால பெருக்கிட்டு, எட்டை அப்படியே கூட்டிட்டா. சின்னத் துண்டுலயும் 7 வரிசை இருக்குன்னு விரலை வெச்சு எண்ணினதுக்கு அப்புறம் அந்தத் தப்பு வரவே இல்ல. 14ஐ 23ஆல பெருக்கும்போதும் இதே கதைதான். 14ஐ 10, 4ன்னும் 23ஐ 20, 3ன்னும் பிரிச்சா நாலு துண்டு வரும்: 200, 30, 80, 12. மொத்தம் 322. நடுவுல இருக்கிற ரெண்டையும் மறந்துட்டு 212ன்னு எழுதுற பிள்ளைங்க நிறைய.

எனக்குக் கோபம் எங்கன்னா, இப்படிப் பிரிச்சுப் போட்ட கணக்குக்கு டியூஷன்ல சிவப்பு மையில தப்புப் போட்டிருக்காங்க. விடை சரி லா! மேலயும் கீழயும் எழுதிப் போடலையாம். அப்படிப் போட்டாலும் எட்டைத் தனியா, பத்தைத் தனியாத்தானே ஏழால பெருக்குறோம்? 56ல 6 எழுதி 5ஐ மேல ஏத்துறோம், அவ்வளவுதான் வித்தியாசம். சிஃபிர், அதான் பெருக்கல் வாய்ப்பாடு, பத்து வரைக்கும் மனப்பாடமா வேணும், அதை நான் மறுக்கல. அதுக்கு மேல பாட்டுப் போட்டு உருப்போட வைக்கிறது எனக்குச் சுத்தமாப் பிடிக்காது.

இருங்க, பின் சீட்டுல இருந்து குரல் வருது. 99ஐ 6ஆல பெருக்கச் சொல்லியிருந்தேன். "அறுநூறுல ஆறு போச்சுன்னா 594. சித்தி, வடை ஆறுது!"