பாவக்காய்த் தீயலும் கந்தசாமிப் பிள்ளையும்

நடுவர் அவர்களுக்கு வணக்கம். நூலக விழாவுன்னதும் குடையும் கையுமா வந்து உக்காந்திருக்க நாகர்கோவில் மக்களுக்கு ரெண்டு வணக்கம். எதிரணிக்கு, போகும்போது பாப்போம்.

புதுமைப்பித்தன் கதைகளைப் படிப்பது இன்பமா துன்பமா? இன்பம்னு பேசச் சொல்லியிருக்காங்க. துன்பம்னு பேசச் சொல்லியிருந்தாலும் வந்திருப்பேன், அது வேற விஷயம்.

மதுரைல இருந்து வந்த தம்பி ஒரு போடு போட்டாரு. "புதுமைப்பித்தனைப் படிக்கிறது பாகற்காயைப் பச்சையாக் கடிக்கிற மாதிரி"ன்னாரு. நீங்களும் கை தட்டுனீங்க. நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன்.

தம்பி, பச்சையா கடிக்கச் சொன்னது யாரு? நாஞ்சில் நாட்டுல வந்து பாவக்காயைப் பத்திப் பேசலாமா? தேங்காயைத் துருவி செவக்க வறுக்கணும். செவக்கணும், கரியப்பிடாது. அந்தப் பக்குவம் தெரியணும். கொத்தமல்லி, வத்தல் சேத்து மையா அரைச்சு, புளித்தண்ணியில கொதிக்க விட்டு, வதக்குன பாவக்காயைப் போட்டா தீயல். இன்னைக்கு வச்சதை நாளைக்குச் சாப்பிடணும். கசப்பு எங்கயும் போகல்ல, அதுலதான் இருக்கு. ஆனா சட்டியையில்லா வழிச்சுத் திங்கோம்! 'பொன்னகரம்' சின்னக் கதை. புருஷன் உசிரைக் காப்பாத்த ஒரு பொம்பள என்ன விலை குடுத்தாங்கிறதைச் சொல்லிட்டு, கற்பு கற்புன்னு பேசுதவங்களைக் கடைசியில ஒரே அடி. கசக்கத்தான் செய்யும். மறுபடி எடுத்துப் படிக்கமா இல்லியா? மேடை முடிஞ்சதும் தம்பி எங்க வீட்டுக்கு வரணும். தீயல் இருக்கு.

சரி, விஷயத்துக்கு வாரேன். தக்கலையில இருந்து பஸ்ஸுல வந்துகிட்டிருந்தேன். கையில புதுமைப்பித்தனோட 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்'. 1943-ல வந்த கதை. படிச்சுகிட்டே சிரிக்கேன். பக்கத்து சீட்டுல ஒரு பெரியவரு. "பிள்ளே, தனியா இருந்து சிரிக்கியே, என்னத்துக்கு?"ன்னாரு.

"கடவுள் மெட்ராஸுக்கு வந்து திருவல்லிக்கேணிக்கு வழி கேக்காரு தாத்தா."

"கடவுளுக்கு வழி தெரியாதா?"

"தெரியல்லியே! கந்தசாமிப் பிள்ளை அவரைக் காப்பி குடிக்கக் கூட்டிட்டுப் போறாரு. கடவுள் ஒரு வாய் குடிச்சிட்டு, ஆகா, இது என் லீலைங்காரு. பிள்ளைவாள் சொல்லுதாரு, உம்ம லீலை இல்லவே, ஓட்டல்காரன் லீலை, சிக்கரியைப் போட்டு வச்சிருக்கான்னு!"

முன் சீட்டு சிரிக்கு. பின் சீட்டுல ஒரு அக்கா, "என்னது, சத்தமா படிங்க"ன்னாங்க. படிச்சேன். மூணணா பில்லுக்குக் கடவுள் நூறு ரூபாய் நோட்டை நீட்டுதாரு. அவ்வளவுதான், கண்டக்டர் பாஞ்சு வந்தாரு. "கடவுளா இருந்தாலும் சில்லறை வச்சுகிட்டு ஏறணும்!" பஸ்ஸே குலுங்குது. டிரைவர் திரும்பிப் பாத்து, "பாக்கி குடுத்தானா இல்லியா?"ங்காரு. "அண்ணே, நீங்க ரோட்டைப் பாருங்க, நாங்களும் கடவுளைப் பாக்கப் போயிரப்பிடாது!"

சுங்கான்கடை வந்துட்டு. பெரியவரு எறங்க வேண்டிய இடம். "தாத்தா, எறங்கல்லியா?" "பாக்கி கிடைச்சுதான்னு தெரியாம எப்படிப் பிள்ளே எறங்க?" வடசேரி வரைக்கும் வந்தாரு, கேட்டீங்களா! தம்பி, துன்பத்துக்கு எவனாவது கூட டிக்கெட் எடுப்பானா?

நடுவர் மணியில கை வைக்காரு. ஒரு நிமிஷம்.

அதே கதையில கந்தசாமிப் பிள்ளை வீட்டுக்குப் போவாரு. சின்ன மக ஓடிவந்து, எனக்கு என்ன கொண்டாந்தேன்னு கேக்கும். என்னைத்தான் கொண்டாந்தேம்பாரு. தினமும் உன்னையேதானே கொண்டாறே, பொரிகடலையாவது கொண்டாரப்பிடாதான்னு அந்தப் பிள்ளை கேக்கும். அங்க நான் சிரிச்சேன். பெரியவரு சிரிக்கல்ல.

எழுதுனவரு சினிமா வேலைக்குப் புனே போனாரு. காசநோயோட திரும்பி வந்தாரு. எங்க வந்தாரு? மனைவி கமலா இருந்த திருவனந்தபுரத்துக்கு. அன்னைக்கு நாமளும் திருவிதாங்கூர்தான், அதுதான் நம்ம தலைநகரம். 1948 ஜூன் 30-ல அங்கயே போயிட்டாரு. வயசு 42. வீட்டுல சின்னப் பெண் குழந்தை. அதுக்கு என்னத்தைக் கொண்டு வந்தாரு? தன்னைத்தானேய்யா கொண்டு வந்தாரு!

மூணு வருஷம் கழிச்சு அவருக்கு ஒரு நினைவு மலர் வந்துது. கொண்டு வந்தது இந்த நாகர்கோவில் பையன், பின்னால பெரிய எழுத்தாளரான சுந்தர ராமசாமி. அப்ப அவருக்கு இருபது வயசு. துன்பத்தைக் குடுத்தவருக்கா அந்தப் பையன் மலர் போட்டான்?

முன்னால உக்காந்திருக்க தாத்தா, கண்ணைத் தொடைக்காதீங்க, நானும் தொடைக்கணும். அந்தப் பிள்ளைக்கு ஒரு பொட்டலம் பொரிகடலை வாங்கிக் குடுக்க இப்பவே ஓடணும்னு தோணுதுல்லா? இதைத் துன்பம்னு தீர்ப்பு எழுத உங்களுக்கு மனசு வந்தா எழுதிக்கிடுங்க நடுவர் அவர்களே.

மணி அடிச்சாச்சு. உக்காருதேன். வணக்கம்.